அறக்கொடையும் மறைகொடையும்

நமது கல்லூரியின் விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சங்கத்தார் கட்டட நிதிக்குப் பொருள் திரட்டிவருதலை அன்பர்கள் அறிவர். சென்ற தவணையில் ஒருநாள் மாலை அந்நிதிக்குரிய நன்கொடைப் பட்டியலைச் செம்மையாகப் பெயர்த்தெழுதும் பணியில் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் எமக்குத் துணைபுரிந்தனர். பெயர், ஊர், தொகை என மூன்று நிரலாக அமைந்த அப்பட்டியலில் ஓரிடத்திலே பெயருக்குரிய நிரலில் 'அன்பர் ஒருவர்' என்று மட்டும் காணப்பட்டது. தொகையோ பட்டியலிற் பெரியனவற்றுள் ஒன்று. அதனை எழுதிய மாணவன் எழுதுகோலை நிறுத்தி, "ஐயா, பெயர் சொல்லாமற் கொடுத்த இவரை எல்லோரும் பெருந்தன்மை உடையவர் என்கிறார்கள். அப்படியானால், தேர்தலுக்குப் பெயர் சொல்லாமற் பணம் கொடுப்பதைச் சட்டம் குற்றம் என்பது ஏன்?" என்று வினவினான்.

வினா நல்ல வினா. உடனே விடை பகர எம்மால் இயலவில்லை. "ஆராய்ந்து சொல்வோம்" என்று கூறி அன்று தப்பினோம். அதன்பின் அவ்வினா எம்மை விடவில்லை. யாம் சட்டத்தரணியல்லேம், தமிழ் கற்பிப்போம். ஆயினும் ஓராசிரியன் மாணவனுக்குக் கடன்பட்டிருத்தல் ஆகாது. ஆதலின், பல நாடுகளின் வழக்குகளை ஒருவாறு கற்று யாம் அறிந்தவற்றை அம்மாணவனுக்கும், அவன்போல் இனி வாக்களிக்கப் போகும் ஏனை மாணவர்க்கும், விழா மலரைப் படிக்கும் அன்பர்க்கும் இங்கே முறைப்படுத்திக் கூறுகின்றோம்.

1. ஈகையும் குறியெதிர்ப்பையும்

முதலிற் சொல்லாராய்ச்சி செய்வோம். 'கொடை' என்னும் ஒரு சொல்லே இரு வேறு செயல்களைத் தழுவி நிற்றலால் மயக்கம் விளைகின்றது. வறியார்க்கு வழங்குவதே ஈகை என்றும், பிற கொடைகள் அளந்து கொடுத்து அளந்து வாங்கும் குறியெதிர்ப்பையின் தன்மையன என்றும் வள்ளுவர் பிரித்துக் காட்டினார். அண்டை வீட்டாருக்கு நாழி அரிசி கைமாற்றாகக் கொடுத்தவர் நாழி அரிசி திரும்பி வரும் என்று எதிர்நோக்குவர். அது தவறன்று, ஆயினும் அஃது ஈகையும் அன்று.

இப்பொழுது நமது பட்டியலில் வந்த 'அன்பர் ஒருவர்' செய்ததை நோக்குக. அவர் கொடுத்த பொருளினால் ஒரு மண்டபம் எழும். மண்டபம் சட்டம் இயற்றாது, வரி விதிக்காது, ஒப்பந்தம் வழங்காது, எவருக்கும் பதவி அளிக்காது. கொடுத்தவர்க்குத் திருப்பிக் கொடுக்கும் வல்லமை அதற்கு இல்லை. தேர்தற் கொடையோ, ஆளப்போகும் ஒருவருக்கு ஆகின்ற கொடை. அல்லது நாடு முழுதும் அடங்கி நடக்கவேண்டிய ஒரு சட்டத்தை ஆக்கவோ அழிக்கவோ ஆகின்ற கொடை. பெற்றவர் கொடுத்தவருக்கு என்ன செய்ய வல்லவர் என்பதே இரண்டையும் பிரித்தறியும் உரைகல். ஒன்றும் செய்ய வல்லவர் அல்லரெனின் பெயர் மறைத்தல் அடக்கமாம். எல்லாம் செய்ய வல்லவரெனின் பெயர் மறைத்தல் ஐயத்துக்கு இடமாம்.

பிறிதொன்றும் நோக்குக. நமது அன்பரின் பெயர் மலரில் இல்லையே யன்றிப் பொருளாளரின் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் உண்டு. கணக்காய்வாளர் கேட்பின் காட்டப்படும். எனவே அவர் புகழினின்று மறைந்தாரேயன்றிக் கணக்கினின்று மறைந்தாரல்லர்.

சில மாணவர், "வாக்குச்சீட்டை இரகசியமாக இடுகின்றோமே, கொடையும் இரகசியமாக இருந்தால் என்ன?" என்பர். வாக்கு இரகசியமாயிருத்தல், வலியவர் எளியவரை அச்சுறுத்தாமைப் பொருட்டு. 1872இல் இங்கிலாந்தில் இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் நிறைவேறியது, குடியானவன் நிலக்கிழானுக்கு அஞ்சாது வாக்களித்தற்பொருட்டேயாம். பதினோராண்டு கழித்து 1883இல் அதே பாராளுமன்றம் தேர்தல் ஊழல்களைத் தடுக்க மற்றொரு சட்டம் இயற்றி, வேட்பாளர் செலவுக்கு எல்லை வகுத்து, செலவுக் கணக்கை வெளியிடுமாறு விதித்தது. வாக்கை மூடிய கையே கணக்கைத் திறந்தது. இவை முரண்பட்டன அல்ல. ஒருவனுக்கு ஒரு வாக்கே உண்டு. பொருளோ ஒருவனிடம் ஒரு வெள்ளியாகவும் மற்றொருவனிடம் ஒரு கோடியாகவும் இருக்கும். சமமானதை மறைப்பதால் எளியவன் காக்கப்படுகின்றான். சமமில்லாததை மறைப்பதால் வலியவன் காக்கப்படுகின்றான்.

2. உத்தரமேரூர் தரும் பாடம்

கணக்குக் காட்டல் மேனாட்டார் நமக்குக் கற்பித்தது என எண்ணுவார் உளர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன, அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையினால் தெரிந்தெடுக்கும் முறை அவற்றிற் சொல்லப்பட்டது. ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். அம்முறையில் யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது என்ற விதிகளுள் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டப்படுவது. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் குடவோலைக்கு உரியரல்லர். அவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் உரியரல்லர்.

அச்சபை பிராமணர் வாழ்ந்த ஊரின் சபை என்பதையும், நிலவுடைமையும் கல்வியும் உடையாரே அதிற் பங்குபற்றினர் என்பதையும் மறைத்தலாகாது. அதனை இக்காலக் குடியாட்சியோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுதல் ஆராய்ச்சியன்று. ஆயினும், பொதுப்பொருளோடு தொடர்புற்றவன் கணக்கு மறைப்பின் பொதுப்பதவிக்கு ஆகான் என்னும் கொள்கை ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னரே தமிழிற் கல்லில் வெட்டப்பட்டது. உறவினரையும் ஏன் விலக்கினர்? கணக்கு மறைப்பவன் தானே முன்வராது மற்றொருவன் பெயரில் வருவான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும். இனிக் கூறப்போகும் அமெரிக்க வழக்குகள் எல்லாம் இவ்வோர் உண்மையைச் சுற்றியே நிகழ்ந்தன.

3. அமெரிக்கச் சட்டத்தின் வளர்ச்சி

ஐக்கிய அமெரிக்காவில் 1907இல் இயற்றப்பட்ட தில்மன் சட்டம், கம்பெனிகள் கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளருக்குப் பொருள் கொடுத்தலைத் தடுத்தது. 1910இல் எழுந்த மற்றொரு சட்டம் கொடுத்தவர் பெயரை வெளியிடுமாறு பணித்தது. ஆயினும் அவற்றை நடைமுறைப்படுத்தத் தனியாக ஓர் அதிகாரம் இல்லாமையால் அவை ஏட்டுச் சுரைக்காயாகவே பலகாலம் கிடந்தன. 1971இல் புதிய தேர்தற் பிரசாரச் சட்டம் வந்தது. 1972ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டி எழுந்த வோட்டர்கேட் ஊழல் மறைபணத்தின் கொடுமையை மக்களுக்குக் காட்ட, 1974இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தேர்தல் ஆணைக்குழு ஒன்றும் நிறுவப்பட்டது.

அச்சட்டத்தை எதிர்த்து எழுந்த பக்லி வழக்கில் 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செலவுக்கு எல்லை வகுத்தல் பேச்சுரிமைக்கு மாறானது என்று தள்ளிய அம்மன்றம், கொடுத்தவர் பெயரை வெளியிடுதல் செல்லும் என்று நிலைநாட்டியது. அதற்கு மூன்று காரணம் கூறிற்று. பணம் எங்கிருந்து வருகின்றது என்பதை அறியும் வாக்காளன் வேட்பாளரை நன்கு மதிப்பிடுவான் என்பது ஒன்று. வெளிச்சம் படுமிடத்தில் ஊழல் அஞ்சும் என்பது இரண்டு. கொடைக்கு வகுத்த எல்லையை மீறினாரைக் கண்டுபிடிக்கக் கணக்கு வேண்டும் என்பது மூன்று.

2010ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த சிற்றிசன்ஸ் யுனைற்றட் தீர்ப்பைப் பலர் அறிவர். கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு கூட்டுச்சேராது தனித்து நின்று தேர்தல் விடயத்தில் வேண்டியவளவு செலவிடலாம் என்று ஐந்து நீதியரசர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்ந்தது. அதே தீர்ப்பில், பெயரை வெளியிடவேண்டும் என்னும் விதி செல்லும் என எண்மர் ஒருமித்தனர், ஒருவரே மறுத்தார். இப்பகுதியைப் பலர் அறியார். செலவிடும் உரிமை ஒரு கையாலும், வெளியிடும் கடமை மறு கையாலும் வழங்கப்பட்டன.

ஆனால் கடமையிலே ஓர் ஓட்டை இருந்தது. அந்நாட்டு வரிச்சட்டத்தின்கீழ்ச் 'சமூகநலச் சங்கம்' என்று பதிந்துகொண்ட சங்கம், தனக்குப் பொருள் கொடுத்தவர் பெயரைப் பொதுமக்களுக்குக் காட்டவேண்டியதில்லை. எனவே ஒருவர் சங்கத்துக்குக் கொடுப்பார். சங்கம் தேர்தலுக்குக் கொடுக்கும். கணக்கிலே சங்கத்தின் பெயரே தோன்றும். கொடுத்தவர் யார் என்று கேட்பின் சங்கம் என்பர். சங்கம் யார் என்று கேட்பின் விடை இராது. இவ்வோட்டையை அடைக்க 2010இல் முன்வைக்கப்பட்ட சட்டமூலம் கீழ்ச்சபையில் நிறைவேறியும், மேற்சபையில் விவாதத்தை முடிக்க வேண்டிய அறுபது வாக்குக் கிடையாமையால் நின்றுபோயிற்று. எனவே போராட்டம் மாநிலங்களுக்குச் சென்றது.

4. கலிபோர்னியாவின் சுற்றுவழிப் பணம்

கலிபோர்னியாவில் மக்களே நேராக வாக்களித்துச் சட்டம் ஆக்கும் முறை உண்டு. 1974இல் மக்கள் வாக்கினாலே அங்கு அரசியற் சீர்திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறி, தேர்தற் பணத்தை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவும் அமைந்தது.

2012ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் தேதி அம்மக்கள்முன் இரு முன்மொழிவுகள் இருந்தன. 30ஆம் முன்மொழிவு, பெருவருவாயுடையார்மேல் வரியை உயர்த்தியும் விற்பனை வரியைச் சிறிது கூட்டியும் கல்விக்கு நிதி தேடுவது. 32ஆம் முன்மொழிவு, தொழிற்சங்கங்கள் உறுப்பினர் சம்பளத்திற் கழித்த பணத்தை அரசியலுக்குச் செலவிடுதலைத் தடுப்பது. முன்னையதைத் தோற்கடிக்கவும் பின்னையதை வெல்விக்கவும் உழைத்த ஒரு குழுவுக்கு, ஒக்டோபர் மாதத்தில் ஒரே தொகையாக 1 கோடியே 10 இலட்சம் டொலர் வந்தது. கொடுத்தது அயல் மாநிலமாகிய அரிசோனாவில் உள்ள ஒரு சங்கம். கலிபோர்னியாவின் பள்ளிக்கூட வரியில் அரிசோனாச் சங்கத்துக்கு இத்துணை அக்கறை ஏன் என்று மக்கள் வினவினர்.

கொமன் கோஸ் என்னும் பொதுநல இயக்கத்தார் முறையிட்டனர். ஆணைக்குழு, சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிட வேண்டுமென நீதிமன்றம் ஏறிற்று. வாக்கெடுப்புக்கோ சில நாள்களே எஞ்சின. தேர்தல் முடிந்தபின் கணக்குக் காட்டுதல், பரீட்சை முடிந்தபின் பாடஞ் சொல்லுதல் போன்றதன்றோ? கீழ் நீதிமன்றம் ஏடுகளைக் காட்டுமாறு ஆணையிட்டது. மேன்முறையீட்டில் அவ்வாணை இடைநிறுத்தப்பட்டது. இறுதியில் நவம்பர் 4ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமையாயிருந்தும், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏடுகளை ஒப்படைக்குமாறு பணித்தது.

மறுநாட் காலை, வாக்கெடுப்புக்கு ஒரு நாள் முன்னதாக, சங்கத்தார் ஓருண்மையை ஒப்புக்கொண்டனர். பணம் தமதன்று, அரிசோனாவிலுள்ள இன்னொரு சங்கத்தினின்று வந்தது. அச்சங்கத்துக்கு வேர்ஜீனியாவிலுள்ள மூன்றாவது சங்கத்தினின்று வந்தது. மூன்று திரை விலகின. முகம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சங்கத்துக்குப் பின்னால் மற்றொரு சங்கமே நின்றது. ஆயினும் மக்கள் போதியவளவு கண்டுகொண்டனர் போலும். 30ஆம் முன்மொழிவு வென்றது. 32ஆம் முன்மொழிவு தோற்றது.

பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்த செய்தி இன்னும் வியப்புத் தருவது. அப்பணத்தின் மூலம் கலிபோர்னியாவிலேதான் இருந்தது. அம்மாநிலத்துச் செல்வரிடம் திரட்டப்பட்ட பொருள் நாட்டின் ஒரு கோடிக்குச் சென்று, வேறு இடங்களைச் சுற்றிப் பெயர் உதிர்ந்து, பிறந்த இடத்துக்கே மீண்டது. நம்மூரில் ஒருவர் அயல்வீட்டார்மேல் வழக்குத் தொடுக்கத் தம் பணத்தைக் கொழும்புக்கும் கண்டிக்கும் அனுப்பி வேறொருவர் பெயரில் வருவித்தாற்போன்றது இது. 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில் அரிசோனாச் சங்கங்கள் இரண்டும் 10 இலட்சம் டொலர் குற்றப்பணம் செலுத்த உடன்பட்டன. மறைபணம் பெற்ற குழுக்கள் அத்தொகைக்கு ஈடாக 1 கோடியே 50 இலட்சம் டொலரை அரசாங்கத்துக்குச் செலுத்துமாறும் கேட்கப்பட்டன. 2014இல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தி, பெருந்தொகை செலவிடும் சங்கங்கள் தமக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டவேண்டும் என விதித்தது. 2022இல் அரிசோனா மக்களும், நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட வாக்கினால், பிரசாரப் பணத்தை முதலிற் கொடுத்தவர் யார் என்பதை வெளியிடச் செய்யும் சட்டத்தை ஏற்றனர். பணம் மறையப் புகுந்த மாநிலமே மறைவை நீக்க முற்பட்டது என்க.

5. முகப்புச்சீட்டை எதிர்த்தவர் கதை

வாஷிங்டன் மாநிலத்தில் 2013இல் நிகழ்ந்தது இதனினும் சிறந்த பாடம். மரபணு மாற்றிய பொருள் சேர்ந்த உணவின் உறைமேல் அதனைக் குறிப்பிடவேண்டும் என்னும் 522ஆம் முன்மொழிவு வாக்குக்கு விடப்பட்டது. பெரும் உணவுக் கம்பெனிகளின் சங்கம் இதனை எதிர்த்தது. சங்கம் தன் உறுப்பினரிடம் தனி நிதி ஒன்று திரட்டி, அதிலிருந்து சுமார் 1 கோடியே 10 இலட்சம் டொலரைத் தன் பெயரிலேயே எதிர்ப்பிரசாரத்துக்குக் கொடுத்தது. எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பது தெரியாமற் போயிற்று.

அம்மாநிலச் சட்டமா அதிபர் ஒக்டோபர் மாதத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு எழுந்தவுடன் சங்கம் பட்டியலை வெளியிட்டது. பெப்சி, கொக்கா கோலா, நெஸ்லே முதலிய கம்பெனிகள் ஒவ்வொன்றும் 10 இலட்சம் டொலருக்கு மேல் வழங்கியமை வாக்கெடுப்புக்கு முன்னரே வெளியாயிற்று. முன்மொழிவு சிறு வாக்கு வேறுபாட்டில் தோற்றது. ஆயினும் வழக்கு நிற்கவில்லை. மறைத்தது வேண்டுமென்றே செய்தது என்று கண்ட நீதிமன்றம் 2016இல் 60 இலட்சம் டொலர் விதித்து, அதனை மும்மடங்காக்கி 1 கோடியே 80 இலட்சமாக்கியது. மேன்முறையீடுகள் பல நடந்தபின் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற வேறுபாட்டில் அத்தொகையை உறுதிசெய்தது.

உணவுப் பொதியின்மேல் உள்ளீட்டைச் சொல்லவேண்டாம் என வாதிட்டவர்கள், தம் வாதத்தின்மேல் தம் பெயரைச் சொல்லாது விட்டனர். இதிலுள்ள ஒற்றுமையை மாணவர் தாமே காண்பராக.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். "இவ்விரண்டிலும் வேட்பாளர் எவரும் இலர், இலஞ்சம் பெறுவாரும் இலர். வாதம் சரியா பிழையா என்று பார்ப்பதன்றி, வாதிப்பவர் யார் என்று பார்ப்பதேன்?" என்பதே அது. இதற்குத் தமிழாசிரியர் என்னும் முறையில் விடை கூறுகின்றோம். அகப்பாட்டைக் கற்பிக்கும்போது முதலில் என்ன கேட்கின்றோம்? 'யார் கூற்று?' என்றே கேட்கின்றோம். ஒரே சொற்றொடர் தலைவி கூற்றாயின் ஏக்கமாகும்; தோழி கூற்றாயின் வரைவு கடாவுதலாகும்; பரத்தை கூற்றாயின் இகழ்ச்சியாகும். கூற்று அறியாதவன் சொல்லை அறிவான், பொருளை அறியான். 'இவ்வரி சிறு வணிகரை வாட்டும்' என்ற விளம்பரம் சிறு வணிகர் கூற்றாயின் ஒரு பொருள். பெருஞ்செல்வர் கூற்றாயின் வேறொரு பொருள். வாக்காளன் அன்று சட்டம் ஆக்குபவனாக அமர்ந்திருக்கின்றான். அவனிடம் பேசுபவர் யார் என்பதைச் சொல்லாது பேசுதல், கூற்றை அழித்துவிட்டுச் செய்யுளுக்கு உரை எழுதச் சொல்லுதல் போன்றதாகும்.

6. மறைவு காக்கும் இடமும் உண்டு

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் நேர்மையோடு கூறவேண்டும். அமெரிக்காவின் தென்பகுதியாகிய அலபாமா மாநிலம், கறுப்பு மக்களின் உரிமைக்கு உழைத்த சங்கமொன்றின் உறுப்பினர் பட்டியலை ஒப்படைக்குமாறு கேட்டது. அக்காலத்தில் அவ்விடத்தில் அப்பட்டியல் வெளியாயின், பெயர் கொண்டோர் வேலை இழப்பர், அடிபடுவர், உயிரிழத்தலும் கூடும். சங்கம் மறுத்தது, ஓரிலட்சம் டொலர் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. 1958இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் தீர்த்தது. அங்கே பெயர் கேட்டவன் வலியவன்; மறைத்தவன் எளியவன்.

எனவே 'வெளிப்படுத்து' என்னும் சொல் எப்போதும் அறத்தின் சொல்லன்று. வாளைப்போல அது பிடித்தவன் கையைப் பொறுத்தது. 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறநிலையங்கள் யாவும் தம் பெருங்கொடையாளர் பெயரைச் சட்டமா அதிபரிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற கலிபோர்னியா விதியை, அறுவருக்கு மூவர் என்ற வேறுபாட்டில் தள்ளியபோது, 1958ஆம் ஆண்டுத் தீர்ப்பையே துணைக்கொண்டது. அது தேர்தற் பணம் பற்றிய வழக்கன்று. ஆயினும் தேர்தற் கொடையை மறைக்க விரும்புவோர் அத்தீர்ப்பைத் தம் வாதத்துக்கு எடுத்தாளுகின்றனர்.

இரண்டையும் சீர்தூக்கும் வழியாது? நீதிமன்றமே 1976இல் ஒரு வழி காட்டியிருந்தது. பெயர் வெளியாயின் அச்சுறுத்தலும் துன்புறுத்தலும் நேரும் என்பதற்குத் தக்க ஏது காட்டும் சிறு கட்சிக்கு விலக்கு அளிக்கலாம் என்பது அது. 1982இல் ஒகையோ மாநிலத்துச் சோசலிசத் தொழிலாளர் கட்சிக்கு அவ்விலக்குக் கிடைத்தது. எனவே பொதுவிதி வெளிச்சம். மறைவு வேண்டுவோர் தமக்கு நேரும் ஆபத்தைக் காட்டி விலக்குப் பெறலாம். கோடி கொடுத்தவர், 'என்னைப் பிறர் குறைகூறுவர்' என்று சொல்வது ஆபத்தன்று, பொதுவாழ்வின் இயல்பு.

7. பாரதத்துத் தேர்தற் பத்திரங்கள்

நமக்கு அண்மையிலுள்ள இந்தியாவில் மறைபணத்தைச் சட்டமே ஏற்படுத்தியது. 2017ஆம் ஆண்டு நிதிச்சட்டத்தினாலும் 2018ஆம் ஆண்டு ஜனவரி அறிவித்தலினாலும் தேர்தற் பத்திரங்கள் நடைமுறைக்கு வந்தன. ஆயிரம் ரூபா முதல் ஒரு கோடி ரூபா வரை பெறுமதியுடைய பத்திரத்தைப் பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கி, விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி பதினைந்து நாளில் அதனைப் பணமாக்கவேண்டும். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இராது. கட்சியும் கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குச் சொல்லவேண்டியதில்லை. கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு ஏழரைக்கு மேற் கொடுத்தலாகாது என்றிருந்த எல்லையும் நீக்கப்பட்டது.

கறுப்புப் பணத்தை ஒழித்து வங்கி வழியாகப் பணம் செல்லச் செய்வதே நோக்கம் என அரசாங்கம் கூறிற்று. பணம் வங்கிவழிச் சென்றது உண்மையே. ஆனால் பத்திரத்தில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, புறவூதா ஒளியிலே மட்டும் தோன்றும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் யார் என்பது வங்கியின் ஏட்டில் உண்டு, வங்கியோ அரசாங்கத்தினது. ஆகவே வாக்காளனுக்கே திரை, பிறர்க்கன்று. நமது நிதிப் பட்டியலின் 'அன்பர்' பொதுமக்கள் புகழினின்று மறைந்தார். இப்பத்திரங்களின் அன்பரோ பொதுமக்கள் கணக்கினின்று மறைந்தனர்.

சனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தாரும் பிறரும் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கிற் கிடந்தது. அதற்கிடையில் 16,000 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட பத்திரங்கள் விற்பனையாயின. ஈற்றில் 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் தேதி பிரதம நீதியரசர் சந்திரசூட் தலைமையில் ஐவர் கொண்ட ஆயம், திட்டம் அரசியலமைப்புக்கு மாறானது என ஒருமனதாகத் தீர்த்தது. வாக்காளனின் அறியும் உரிமை பேச்சுரிமையின் கூறு என்பது தீர்ப்பின் அடிப்படை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆந் தேதி முதல் நடந்த விற்பனை விவரங்களை ஒப்படைக்குமாறு வங்கி பணிக்கப்பட்டது. வங்கி ஜூன் 30ஆந் தேதி வரை தவணை கேட்டது. அதற்குள் பொதுத்தேர்தல் முடிந்துவிடும். மார்ச் 11ஆந் தேதி நீதிமன்றம் தவணை மறுத்தது. முதலில் வாங்கியவர் பட்டியல் ஒன்றும் பெற்ற கட்சிகள் பட்டியல் ஒன்றுமாகத் தனித்தனி வந்தன. எவர் எவருக்குக் கொடுத்தார் என்று இணைக்க வழியில்லை. அந்த மறை எண்களையும் தருமாறு மார்ச் 18ஆந் தேதி மீண்டும் ஆணை பிறந்தது. மார்ச் 21ஆந் தேதி அவையும் வந்தன. தேர்தலுக்குமுன் மக்கள் இரு பட்டியலையும் பொருத்திப் படித்தனர்.

கணக்குக் காட்டுதல் வேறு. விளங்கக் காட்டுதல் வேறு என்பதும் இதனாற் பெறப்படும்.

8. நம் நாடும் நாமும்

இலங்கையில் 1931இலே வளர்ந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. 1946ஆம் ஆண்டுத் தேர்தற் கட்டளையில் வேட்பாளர் செலவுக் கணக்குப் பற்றிய விதிகள் இருந்தன. 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தற் சட்டத்தில் அவை இடம்பெறவில்லை. நாற்பதாண்டுக்கு மேலாகத் தேர்தற் பணம் கணக்கின்றி ஓடியது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அந்நிலையை மாற்றியது. அது செலவுக்கு எல்லை வகுக்கவும், முடிவு வெளியாகி 21 நாளில் வரவு செலவு விவரத்தை ஒப்படைக்கவும் விதிக்கின்றது. தம்மை இன்னாரென்று வெளிப்படுத்தாதாரிடம் கொடை பெறுதலையும் தடுக்கின்றது. 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்ற எல்லையைத் தேர்தல் ஆணைக்குழு வகுத்தது.

சட்டம் நல்லதே. ஆயினும் கலிபோர்னியாவும் பாரதமும் கற்பித்தவற்றை மறத்தலாகாது. கணக்கு வாக்களித்தபின் வருமாயின் வாக்காளன் அதனாற் பெறும் பயன் சிறிது. பெயருக்குப் பதிலாகச் சங்கத்தின் பெயர் நிற்குமாயின் சட்டம் நிறைவேறும், நோக்கம் நிறைவேறாது. சட்டத்தை எழுதியவர் பெறும் புகழிலும், கணக்கைக் கேட்டுப் பெறும் குடிமகன் கொள்ளும் அக்கறையே நாட்டுக்கு வேண்டுவது. மேற்கூறிய வழக்குகள் யாவும் யாரோ சிலர் 'இப்பணம் யாருடையது?' என்று கேட்டமையாலே எழுந்தன. அவர்கள் கேளாதிருந்தால் எந்த நீதிமன்றமும் தானாக எழுந்து திரை விலக்கியிராது.

இனி, வினாவெழுப்பிய மாணவனுக்கு எம் விடை. தம்பி, பெயர் சொல்லாது கொடுத்த நம் அன்பர் பெருந்தன்மையுடையவரே. அவர் நம்மிடம் ஒன்றும் பெற விரும்பவில்லை. நாமும் அவருக்கு ஒன்றும் செய்ய வல்லோம் அல்லோம். பொருளாளர் ஏட்டிலும் அவர் பெயர் உண்டு. தேர்தலுக்குக் கொடுப்பவர் நம்மை ஆளப்போகும் கைக்குக் கொடுக்கின்றார். அக்கை பின்னர் எத்திசை நீளும் என்பதை அறிய, அதில் முன்னர் வைத்தவர் யார் என்பதை நாம் அறிந்தாக வேண்டும். உன் முதல் வாக்கை இடும் நாளில், உன் வாக்கை எவருக்கும் காட்டாதே. உன்னிடம் வாக்குக் கேட்பவரின் கணக்கைக் காட்டுமாறு கேள். அவ்விரண்டையும் பிறழாது செய்வாயாயின், அன்று மாலை உனக்கு விடை சொல்லாது தப்பிய எம் கடனும் தீர்ந்ததாகக் கொள்வோம்.